சோழமண்டலக் கடற்கரையில் பழைய ஊர்கள்: சதுரங்கப்பட்டினம் முதல் கோடியக்கரை வரை எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

இரண்டுசக்கரம் எழுதியது:

வணக்கம். பொங்கல் விடுமுறையில் சென்னையிலிருந்து பைக்கில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கோடியக்கரை வரை போவதாக நானும் என் மனைவியும் திட்டமிட்டிருக்கிறோம். மாமல்லபுரம், பிச்சாவரம், வேளாங்கண்ணி எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. இந்த முறை பழைய துறைமுக ஊர்கள், கோட்டைகள், கடலோரக் கிராமங்கள் மட்டும். அவசர அவசரமாக செல்ஃபி எடுத்துவிட்டு ஓட விருப்பமில்லை.

இப்போதைக்குப் பட்டியல் இப்படி நிற்கிறது: சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, அரிக்கமேடு, பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை, முடிந்தால் மனோரா. இது அதிகம் என்று எனக்கே தெரிகிறது. எதை வெட்டலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொறையாறுப்பேரன் எழுதியது:

தரங்கம்பாடியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். பக்கத்து ஊர்க்காரன் என்பதால் சொல்லவில்லை (கொஞ்சம் அதனாலும்தான்).

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: காரைக்கால் போகிற வழியில் நிறுத்தி, டேனிஷ் கோட்டை முன்னால் ஒரு படம், கரும்புச்சாறு, கிளம்பிவிடுவார்கள். பிறகு "அங்கே ஒன்றுமில்லை" என்று எழுதுவார்கள். ஒரு இரவு தங்குங்கள். ஊரே நடந்து பார்க்கிற அளவுதான்.

மேற்கே நகரவாயில் வழியாக நடந்து உள்ளே போவதுதான் சரியான வழி. இப்போது நிற்கிற வாயில் 1792இல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜா தெரு. அந்த ஒரே தெருவில் 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், எதிரில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், அப்புறம் பழைய வீடுகள், ஆளுநர் மாளிகை, கடைசியில் கோட்டையும் கடலும். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கினார். இங்கேயே அச்சுக்கூடம் வைத்து 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். காகிதத்துக்கு எங்கள் பொறையாறில் பட்டறை போட்டார்கள். 1719இல் இறந்தவரைப் புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

கோட்டை 1620இல் தொடங்கியது. தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களோடு ஒப்பந்தம் போட்ட வருடம் அது. கீழே கிடங்கு, சிறை. மேலே ஆளுநர் வசிப்பிடம். கீழ்த்தள அறைகளுக்குள் நின்று பாருங்கள், வெளியே அடிக்கிற வெயில் உள்ளே தெரியாது. 1845இல் மொத்தமாக ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனால் இந்த ஊரின் மூத்த கட்டடம் கோட்டை இல்லை. அதற்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். காலையில் சூரியன் எழும்போது அங்கே போங்கள். கோட்டையை மாலையில் பார்க்கலாம்.

செப்பேட்டுப்பித்தன் எழுதியது:

நண்பர் பட்டியலில் முக்கியமான ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது: எழும்பூர் அருங்காட்சியகம். கேலி இல்லை.

இந்தக் கடற்கரையின் சிக்கல் என்னவென்றால், ஊர் ஓரிடத்தில் இருக்கும், ஊரின் பொருள் வேறிடத்தில் இருக்கும். நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் செப்புத்திருமேனிகள் எழும்பூரில் இருக்கின்றன. திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த ரிஷபவாகன தேவர் (1011ஆம் ஆண்டுத் திருமேனி, என் கணக்கில் சோழர் வார்ப்பின் உச்சம்) தஞ்சைக் கலைக்கூடத்தில். அரிக்கமேட்டில் எடுத்த மணிகளிலும் ரோமானியப் பானை ஓடுகளிலும் ஒரு பகுதி புதுச்சேரி அருங்காட்சியகத்தில். ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்தகட்டில் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில். ஆனைமங்கலம் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்விட்டன.

இதெல்லாம் தெரியாமல் நேராக ஊருக்குப் போனால் வெறும் மேடும் முள்செடியும்தான் கண்ணில் படும். கிளம்புவதற்கு முந்தைய வாரமே எழும்பூரில் நாகப்பட்டினம் புத்தர்களைப் பார்த்துவிடுங்கள். புதுச்சேரி வழியில்தான் இருக்கிறது, அங்கே அருங்காட்சியகத்தைப் பார்த்தபின் அரிக்கமேடு போங்கள்.

அரிக்கமேடு பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே உயரமாக நிற்கிற செங்கல் சுவர்களைச் சங்ககாலம் என்று நினைத்துப் பலர் படம் போடுகிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டு பாதிரிமார் கட்டடத்தின் மிச்சம். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். அரியாங்குப்பம் ஆறு வளைந்து கடலுக்குத் திரும்புகிற இடத்தைப் பாருங்கள், கப்பல்காரன் ஏன் இங்கே ஒதுங்கினான் என்று புரியும். அது போதும்.

அலைஓசை எழுதியது:

பூம்புகாரை வெட்டுங்கள். காவிரிப்பூம்பட்டினம், கண்ணகி, கோவலன் என்று மனதில் ஒரு பெரிய நகரத்தைக் கட்டிக்கொண்டு போனோம். இருந்தது கான்கிரீட் மண்டபமும் பிளாஸ்டிக் குப்பையும்தான். குழந்தைகள் கடலில் கால் நனைத்ததைத் தவிர ஒன்றும் நினைவில்லை. அதிலும் பொங்கல் சமயம் என்றால் காணும் பொங்கல் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

செப்பேட்டுப்பித்தன் எழுதியது:

அலைஓசை, நீங்கள் போனது பூம்புகார் கடற்கரைக்கு. பழைய பூம்புகார் அங்கே இல்லை.

சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் திறந்தது. அதைப் பழைய நகரம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். எழுநிலை மாடமும் கதைச் சிற்பங்களும் இருபதாம் நூற்றாண்டின் அரசியலும் தமிழ்ப் பற்றும் சேர்ந்து கட்டியவை. அந்தக் கண்ணோடு பார்த்தால் அதுவும் ஒரு சரித்திரச் சின்னம்தான். பழுதுபார்க்கும் வேலைக்காகக் கொஞ்சகாலம் மூடியிருந்தது, போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையது வேண்டுமென்றால் உள்ளே கிராமங்களுக்குப் போகவேண்டும். பல்லவனேச்சரம் கோயில் பக்கத்தில் புத்த விகாரத்தின் செங்கல் அடித்தளம் இருக்கிறது, சலவைக்கல் புத்த பாதம் கிடைத்ததும் அங்கேதான். கீழையூரில் தொல்லியல் துறை வெளிக்கொணர்ந்த படகுத்துறை இருக்கிறது: செங்கல் மேடை, படகு கட்ட நட்ட மரக்கம்பங்களின் மிச்சம். அந்தக் கம்பத்தைக் கரிமப் பகுப்பாய்வு செய்து கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தது என்றார்கள். இன்றைக்கு அது வயலுக்கு நடுவில் நிற்கிறது. ஆறு எங்கே ஓடியது, இப்போது எங்கே ஓடுகிறது என்று யோசித்தாலே அரைநாள் போய்விடும்.

கடற்கரை அருகே உள்ள கடல் அகழ்வைப்பகம் சின்னதுதான், தவறவிடாதீர்கள்.

அலைஓசை எழுதியது:

சார், வயலுக்கு நடுவில் நாலு செங்கல்லைக் காட்டி அரைநாள் யோசிக்கச் சொன்னால் என் வீட்டில் என்னையே கடலில் தள்ளிவிடுவார்கள். வரலாற்றுப் பித்து இருக்கிறவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொன்னது சரி. இழை தொடங்கிய அண்ணன் எந்த ரகம் என்று அவரே முடிவு செய்யட்டும்.

தேரிமணல் எழுதியது:

ஏன் எல்லோரும் சோழநாட்டோடு நின்றுவிடுகிறீர்கள்? தெற்கே வாருங்கள். மணப்பாடு ஒன்று போதும்: மணல்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே சவேரியார் தங்கிய குகை, ஒரு பக்கம் கழிமுகம், மறுபக்கம் கடல். அங்கிருந்து காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்கள், கொற்கை. கோட்டை கொத்தளம் இல்லாவிட்டாலும் இந்த ஊர்களில் பழைய வாழ்க்கை இன்னும் நடக்கிறது.

பொறையாறுப்பேரன் எழுதியது:

தேரிமணல் அண்ணா, மணப்பாட்டுக்குத் தனி இழை போடுங்கள், நானே முதல் ஆளாக வருகிறேன். கோடியக்கரையில் முடிகிற பயணத்தில் திருச்செந்தூரைச் செருகினால் பைக் ஓட்டுவதைத் தவிர வேறு ஒன்றும் நடக்காது.

நெய்தல்நிலா எழுதியது:

மனைவியோடு போவதால் யாரும் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

ஆலம்பரைக் கோட்டையில் கழிப்பறையை நம்பிப் போகவேண்டாம், நிழலும் குறைவு. கடப்பாக்கத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போங்கள். ஆனால் போகாமல் இருக்காதீர்கள். 1750இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கிடைத்த கோட்டை, பத்தே வருடத்தில் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்துவிட்டார்கள். இடிபாட்டுக்குக் கீழேயே உப்பங்கழி, படகுக்காரர்கள் மணல்திட்டு வரை கூட்டிப்போவார்கள். பேரம் பேசிவிட்டு ஏறுங்கள். இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுவது நல்லது.

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு, சுத்தமாக இருக்கும். உள்ளே கல்லறைப் பகுதி பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். காவலரிடம் மரியாதையாகக் கேட்டால் திறந்துவிடுவார். கல்லறைப் பலகைகளில் இருக்கும் செதுக்கு வேலைக்காகவே போகலாம். அதே ருசி இருந்தால் இன்னொரு பயணத்தில் பழவேற்காடு போங்கள். அங்கே கல்லறை வாசலிலேயே எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கும்.

நாகூர் தர்காவில் பெண்கள் தலையை மூடிக்கொள்ளத் துப்பட்டா எடுத்துப்போகவேண்டும். ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங். உள்ளே மொட்டை போடுகிறவர்களில் பாதிப்பேர் இந்துக்கள். மாலையில் போய், குளத்துப் பக்கமும் தெருக்களிலும் சும்மா நடங்கள். தெருக்கடையில் பரோட்டா சாப்பிடாமல் வராதீர்கள்.

பரங்கிப்பேட்டையை வெட்டிவிடலாம் என்பது என் கருத்து. 1781இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் நடந்த சண்டை, பழைய இரும்பு ஆலை என்று படிக்க நிறைய உண்டு, நின்று பார்க்கக் குறைவு.

வயல்வரப்பு எழுதியது:

இழையை முழுக்கப் படித்தேன். டேனிஷ், டச்சு, பிரெஞ்சு என்று வெள்ளைக்காரன் விட்டுப்போன சுவரைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம். பழவேற்காட்டுக் கல்லறைச் செதுக்கலை ரசிக்கிறோம். அதே டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பியது. அதற்கு எங்கேயாவது ஒரு பலகை உண்டா?

நாகைக்குப் போகிறவர்கள் கீழ்வேளூர் வட்டத்தில் ஒரு கிராமத்துக்கும் போகலாம். கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். நினைவிடம் இருக்கிறது. வரலாற்றுக் கிராமம் என்ற பட்டியலில் அது ஏன் வருவதில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பொறையாறுப்பேரன் எழுதியது:

வயல்வரப்பு சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்று மட்டும். தரங்கம்பாடிக் கோட்டையை வெள்ளைக்காரன் சுவர் என்று தள்ளிவிடவும் முடியாது. கல் சுமந்தது, சுண்ணாம்பு இடித்தது எல்லாம் எங்கள் ஆட்கள். 2004 சுனாமியில் இந்த ஊர் இழந்ததும் கொஞ்சமில்லை. கடற்கரையில் வலை பின்னுகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினால் கோட்டை அருங்காட்சியகத்தில் இல்லாத வரலாறு கிடைக்கும். ஆனால் காட்சிப்பொருள் போல அவர்களைப் படம் எடுக்காதீர்கள், தயவுசெய்து. வாரக்கடைசியில் அதுதான் நடக்கிறது.

செப்பேட்டுப்பித்தன் எழுதியது:

கீழ்வேளூர்ப் பக்கம் போகிறீர்கள் என்றால் ஆனைமங்கலம் வழியாகப் போங்கள். நான் மேலே சொன்ன செப்பேட்டில் வருகிற அதே ஊர். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய (இன்றைய சுமத்ரா பக்கம்) அரசன் கட்டிய சூடாமணி என்ற புத்த விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் இந்த ஊரைக் கொடையாகக் கொடுத்தான். இருபத்தொரு செப்பேடுகளில் எல்லை விவரத்தோடு எழுதி வைத்தார்கள். அந்த ராஜராஜனின் மகன் ராஜேந்திரனே 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான். கொடையும் வணிகமும் படையெடுப்பும் ஒரே குடும்பத்துக்குள் நடந்தவை.

ஊரில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று அலைஓசை கேட்பார். வயலும் வாய்க்காலும். நாகப்பட்டினத்திலும் விகாரம் இல்லை. அதன் எச்சமாக மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது, மாலுமிகள் அதைப் பார்த்துக் கரை கண்டார்கள். 1867இல் அரசு அனுமதியோடு இயேசுசபைப் பாதிரிமார் இடித்துவிட்டார்கள். சுனாமியோ புயலோ அல்ல, கோப்பில் போட்ட கையெழுத்து. இந்தக் கரையில் காணாமல்போனதற்கெல்லாம் கடலின் மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்காது.

அலைஓசை எழுதியது:

இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தால் நானும் வயலைப் பார்ப்பேன் சார். பலகை வைக்காததுதான் கோளாறு.

உப்பளத்தான் எழுதியது:

வேதாரண்யம் பற்றி யாரும் பேசவில்லையே! 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து ஏப்ரல் 13 அன்று தொண்டர்களோடு கிளம்பி நடந்தே இங்கே வந்தார். ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். வழிநடையாக வந்தவர்களுக்குச் சோறு போடக்கூடாது என்று கலெக்டர் உத்தரவு. நம் ஆட்கள் மரத்தில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இங்கே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்த சர்தார் வேதரத்தினம் பிள்ளை பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. சுற்றிலும் இன்றைக்கும் உப்பளம்தான். ஜனவரியில் வந்தால் மழைத்தண்ணீரை வெளியேற்றிப் பாத்தி மிதிக்கிற வேலையைப் பார்ப்பீர்கள். வெள்ளைக் குவியல் பார்க்க வேண்டுமென்றால் வெயில் காலத்தில்தான் வரவேண்டும்.

வேதாரண்யேசுவரர் கோயிலில் அப்பர் பாடித் திறந்து சம்பந்தர் பாடி அடைத்ததாகச் சொல்கிற கதவைப் பார்த்துவிட்டுக் கோடியக்கரை கிளம்புங்கள். அங்கே சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் என்று சொல்லப்பட்டது சுனாமியில் விழுந்துவிட்டது, அதைத் தேடி அலையவேண்டாம். ராமர் பாதம் மேட்டில் ஏறினால் காடும் சதுப்பும் மொத்தமாகத் தெரியும். 2018 கஜா புயலில் காடு ரொம்ப அடிபட்டது. வெளிமான்கள் உண்டு, ஜனவரியில் வலசைப் பறவைகளும் உண்டு. சரணாலயத்துக்குள் விடியற்காலையில் போங்கள், பகலில் போய் மானைக் காணோம் என்று சொல்லாதீர்கள்.

பைக் ஓட்டி முதுகு போனால், 2023இல் திரும்பவும் ரயில் விட்டுவிட்டார்கள், திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை.

இரண்டுசக்கரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் முழு இழையையும் படிக்கக் கொடுத்தேன். வெட்டும் வேலையை அவர்தான் செய்தார்.

பரங்கிப்பேட்டையும் காரைக்காலும் போயின (காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமிக்குத்தானே, அப்போது வருகிறோம்). சதுரங்கப்பட்டினமும் ஆலம்பரையும் போகிற வழியிலேயே இருப்பதால் நின்றுவிட்டுப் போகிறோம், புதுச்சேரியில் இரவு. மறுநாள் அருங்காட்சியகம், அரிக்கமேடு, மாலைக்குள் தரங்கம்பாடி. அங்கே இரண்டு இரவு. அங்கிருந்தே பூம்புகார் போய் வருகிறோம், கீழையூரும் பல்லவனேச்சரமும் முதலில், கடற்கரை நேரம் மிஞ்சினால். பிறகு நாகூர், நாகை, ஆனைமங்கலம், கீழ்வெண்மணி. கடைசியில் வேதாரண்யம், கோடியக்கரை. திரும்பும்போது உள்நாட்டு வழியாகத் தஞ்சாவூர், திருவெண்காட்டுத் திருமேனியைப் பார்ப்பதற்காக.

மனோரா பற்றித்தான் குழப்பம். இரண்டாம் சரபோஜி, நெப்போலியன் தோற்றதற்காகக் கட்டிய எட்டடுக்குக் கோபுரம் என்று படித்தேன். அந்தக் கதையை விட மனமில்லை.

செப்பேட்டுப்பித்தன் எழுதியது:

மனோரா போங்கள். வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாக மல்லிப்பட்டினம், அங்கிருந்து பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் என்று வழி நேராகவே வருகிறது. ஆங்கிலேயரிடம் ராஜ்ஜியத்தை ஒப்படைத்துவிட்டு ஓய்வூதியத்தில் இருந்த மன்னர், அதே ஆங்கிலேயரின் வெற்றியைக் கொண்டாடக் கடற்கரையில் கோபுரம் கட்டுகிறார். இதைவிட விசித்திரமான கட்டடம் இந்தக் கரையில் இல்லை.

பொறையாறுப்பேரன் எழுதியது:

ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்: தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எழும்பூருக்கும் அப்படியே. புதுச்சேரியில் திங்கட்கிழமை. பொங்கல் நாட்களில் அரசு விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். நாள்காட்டியை வைத்துக்கொண்டு இன்னொரு முறை கணக்குப் போடுங்கள். தங்குவதற்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள், ஊரில் அறைகள் குறைவு. கிடைக்காவிட்டால் பொறையாறிலோ மயிலாடுதுறையிலோ பார்க்கலாம்.

இரண்டுசக்கரம் எழுதியது:

நல்லவேளை சொன்னீர்கள், நாங்கள் தரங்கம்பாடி சேர்வதாக இருந்தது வியாழன் மாலை. சதுரங்கப்பட்டினத்தை ஒரு நாள் முன்னால் தள்ளுகிறோம்.